திருத்தகத்து மேசை: ஸ்கோப்பின் எர்த் வயரைக் கழற்றலாமா?

மாரி தொடங்கினால் எனக்குக் கடிதங்கள் கூடும். ஆறு மாதமாக அலுமாரியில் தூங்கிய மீற்றரும், மின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பும் (ஒசிலோஸ்கோப்) வெளியே வந்து, வாவிக் காற்றில் நனைந்த குரலில் 'எங்களுக்குச் சுகமில்லை' என்று சொல்லத் தொடங்கும். இந்த முறை வந்த கடிதங்களில் எட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

காத்தான்குடி, டிவி திருத்தும் கடைக்காரர்: *காக்கா, எல்ஈடி டிவியின் பவர் போர்ட் ஒன்றைப் பார்க்க ஸ்கோப்பை எடுத்தேன். அதன் அளக்கும் வயரான புரோப்பின் கறுப்புக் கிளிப்பைப் பெரிய கப்பாசிற்றரின் நெகட்டிவ் காலில் மாட்டினேனோ இல்லையோ, பொறி பறந்து வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. கிளிப்பின் பல் கருகிப் போனது. பக்கத்துக் கடைக்காரர், 'ஸ்கோப் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றி விடு, பிறகு ஒன்றும் ஆகாது' என்கிறார். கழற்றலாமா?*

கழற்ற வேண்டாம், தம்பி. பக்கத்துக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. வயரைக் கழற்றினால் பொறி பறக்காது, ட்ரிப்பும் விழாது. ஆனால் டிவி போர்டில் இருக்கும் 325 வோல்ட் எங்கும் போய்விடவில்லை. உங்கள் ஸ்கோப்பின் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மல்ரிமீற்றரின் கறுப்பு வயரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மீற்றர் பற்றரியில் ஓடுகிறது, நிலத்தோடு அதற்கு உறவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஸ்கோப்பின் கிளிப்பையும் 'நெகட்டிவ் வயர்' என்று நினைக்கிறோம். அது நெகட்டிவ் இல்லை, நிலம். கிளிப்பிலிருந்து புரோப் வயரின் வெளி உறை, அங்கிருந்து முன்பக்கத்து உலோக வளையம், பெட்டி, பிளக்கின் எர்த் பின், கடைசியில் உங்கள் வளவில் அடித்திருக்கும் எர்த் கம்பி. எல்லாம் ஒரே வயர். கிளிப்பை ஒரு இடத்தில் மாட்டுவது அந்த இடத்தை நிலத்தோடு கட்டுவதுதான்.

டிவி போர்டில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோட்டுக்குப் பிறகு வரும் நெகட்டிவ் நிலத்தோடு சமமாக இருப்பதில்லை. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். லைன் வயர் கீழ்ப்பக்கம் போகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும், வினாடிக்கு 50 தடவை, அந்த நெகட்டிவ் கால் நிலத்துக்கு 325 வோல்ட் கீழே இறங்கி ஏறுகிறது. நீங்கள் அதைப் பிடித்து நிலத்தில் கட்டினீர்கள். லைனிலிருந்து ஒரு டயோட், ஒரு கிளிப், எர்த் கம்பி என்று நேர்வழி கிடைத்துவிட்டது. போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வராததால் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அது தன் வேலையைச் செய்தது, அதைக் குறை சொல்லாதீர்கள். காத்தான்குடி மணலில் எர்த் கம்பியின் தடை கூடுதலாக இருந்திருக்கும், அதனால் கிளிப்பின் பல்லோடு போனது. நல்ல ஈரமண்ணில் இருந்திருந்தால் டயோடும் வெடித்திருக்கலாம்.

இப்போது எர்த்தைக் கழற்றிவிட்டு அதே கிளிப்பை அதே காலில் மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி, முன்பக்கத்து வளையங்கள், இரண்டாவது புரோப்பின் கிளிப் எல்லாம் அந்த நெகட்டிவோடு சேர்ந்து ஆடும். அலையைப் பெரிதாக்க நீங்கள் ஒரு கையால் குமிழைத் திருகுவீர்கள், விரல் வளையத்தில் படும். மற்றக் கை இரும்பு மேசையில். சதுரப் பின் பிளக் என்றால் இன்னொரு கூத்தும் உண்டு. எர்த் பின் இருந்தால்தான் பிளக் பேஸின் கதவு திறக்கும் என்பதால் யாரும் பின்னை வெட்டுவதில்லை, உள்ளே வயரை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் பிளக் முழுசாக இருக்கும். அந்த ஸ்கோப்பை மூன்று வருடம் கழித்து வாங்குகிறவருக்கு யார் சொல்வது? பழைய ஸ்கோப் என் மேசைக்கு வந்தால் முதலில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் முன்பக்கத்து வளையத்துக்கும் இடையே ஓம் பார்ப்பேன். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

சரி, அப்படியென்றால் போர்டை எப்படிப் பார்ப்பது? ஸ்கோப்பை நிலத்தில் விட்டுவிட்டு டிவியை நிலத்திலிருந்து பிரியுங்கள். டிவிக்கு ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் போடுங்கள். 230க்கு 230, இரண்டு சுற்றும் தனித்தனியாக இருப்பது. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியக்கை இதற்குப் பாவிக்காதீர்கள். அதில் இருப்பது ஒரே சுற்று, எதையும் பிரிக்காது. அதை நம்பிக் கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

ட்ரான்ஸ்போமர் போட்டாயிற்று என்றால் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. இதைப் பலர் சொல்வதில்லை. போர்டின் நெகட்டிவில் கிளிப்பை மாட்டிய உடனே அந்தப் பக்கம் மறுபடி நிலத்தோடு கட்டுப்பட்டுவிடுகிறது. பொறி பறக்காது. ஆனால் கப்பாசிற்றரின் பொசிட்டிவை உங்கள் விரல் தொட்டால் கரண்ட் உங்கள் வழியாக நிலத்துக்கு வந்து, கிளிப் வழியாகப் போர்டுக்கே திரும்பும். இந்தச் சுற்று ட்ரான்ஸ்போமருக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுவதால் வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. 30 மில்லியம்பியரில் விழும் அந்தக் காவல்காரன் படலைக்கு வெளியே நிற்கிறான், சண்டை வீட்டுக்குள்ளே. ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் கிளிப்பையும் புரோப் முனையையும் மாட்டுங்கள், கையை எடுத்துவிட்டு கரண்ட் போடுங்கள், பாருங்கள், நிறுத்துங்கள்.

ட்ரான்ஸ்போமர் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு புரோப்பையும் 10 மடங்கில் (x10) வைத்து, இரண்டு கிளிப்பையும் கழற்றி மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு முனை பார்க்க வேண்டிய இடத்தில், மற்ற முனை நெகட்டிவில். இரண்டு சனலையும் ஒரே வோல்ட் அளவில் வைத்து இரண்டாவதைத் தலைகீழாக்கிக் கூட்டினால் வித்தியாசம் மட்டும் திரையில் வரும். அலை கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். ஆனாலும் பவர் போர்டுக்குப் போதும். புரோப்பில் அச்சடித்திருக்கும் வோல்ட் அளவை மட்டும் முதலில் வாசியுங்கள்.

ஒலுவில், பொறியியல் மாணவி: *சேர், ஜப்பானில் செய்த 20 மெகாஹேட்ஸ் பழைய அனலொக் ஸ்கோப் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கினேன். இன்னும் பிளக்கில் போடவில்லை. விற்றவர் 'திரையில் ஒன்றும் வராது, உள்ளே சின்னப் பிழைதான்' என்றார். நானே திறந்து பார்க்க ஆசை. விடுதி நண்பிகள் 'வெடித்துவிடும்' என்று பயப்படுத்துகிறார்கள்.*

மகள், பிளக்கில் போடாமல் எழுதினீர்களே, அதற்கே பாதிப் புள்ளி. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்னால் வோல்ட் மாற்றும் சுவிட்சோ திருப்பிப் போடும் பிளக்கோ இருக்கலாம். அது எதில் நிற்கிறது, அதற்குரிய பியூஸ் எத்தனை அம்பியர் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். 100இல் நிற்கும் பெட்டியை நம்மூர் 230இல் போட்டால் அதற்குப் பிறகு நண்பிகள் சொன்னது உண்மையாகிவிடும்.

பிறகு திறக்காமலே ஒரு வேலை. வெளிச்சக் குமிழைப் பாதிக்கு மேல், மேல்-கீழ், இடம்-வலம் குமிழ்களை நடுவில், ட்ரிகரை ஓட்டோவில் வைத்துப் பிளக்கில் போட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். 'செத்த' ஸ்கோப் என்று என்னிடம் வந்தவற்றில் சில இந்த இரண்டு நிமிடத்தில் எழுந்திருக்கின்றன. புள்ளி ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள், அந்த இடத்தில் திரையின் ஒளிப்பூச்சான பொஸ்பர் எரிந்து நிரந்தர வடு வந்துவிடும்.

அதிலும் வராவிட்டால் திறக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மேசையில் உங்கள் கண்ணுக்கு முன்னால் வையுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. பழைய பெட்டிகளில் சுவிட்ச் வரைக்கும் லைன் உயிரோடு இருக்கும்.

உள்ளே பயப்பட வேண்டியது மூன்று. படக் குழாய்க்குப் போகும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒன்று. 20 மெகாஹேட்ஸ் பெட்டியில் அது பொதுவாக 2000 வோல்ட் அளவில் இருக்கும், பெரிய ஸ்கோப்புகளில் 10,000க்கும் மேலே போகும். சாதாரண மல்ரிமீற்றர் 1000 வோல்ட்டுக்கு மேல் அளக்காது. அதை அங்கே கொண்டுபோனால் மீற்றருக்குள்ளேயே பொறி பாயும். உயர்வோல்ட் புரோப் இல்லாமல் அந்தப் பகுதியை அளக்கவே வேண்டாம். இரண்டாவது, படக் குழாயின் கழுத்து. உள்ளே வெற்றிடம், கண்ணாடி மெல்லியது. அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஸ்குரூ ட்ரைவர் அதன் மேல் விழவும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கப்பாசிற்றர். அதைப் பற்றி என் கதை ஒன்று இருக்கிறது.

1987இல் நான் ஒரு தொழிற்சாலையின் கருவித் திருத்தகத்தில் வேலை. காகிதச் சுருளில் கோடு போடும் ஒரு பதிவுக் கருவியின் பவர் சப்ளை வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பெரிய கப்பாசிற்றரில் மீற்றர் வைத்துப் பார்த்தேன், பூச்சியம். முறைப்படிதானே செய்தேன்? கையை வைத்தேன். அடித்த அடியில் கை பின்னால் பறந்து முழங்கை வைஸில் மோதியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கரண்ட் செய்த காயம் இல்லை, வைஸ் செய்த காயம். கப்பாசிற்றரை மெதுவாக வடிக்க வேண்டிய ரெசிஸ்ரர் உள்ளே திறந்துபோயிருந்தது, அது ஒரு பிழை. மீற்றரின் சிவப்பு வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது, அது இரண்டாவது. பூச்சியம் என்று காட்டியது அந்த அறுந்த வயர். நான் அதைக் கப்பாசிற்றரின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. 'கரண்ட் இல்லை' என்று மீற்றர் சொல்வதற்கு முன்னால், கரண்ட் இருக்கும் இடமொன்றில் வைத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தை அளப்பேன். பிறகு மறுபடி தெரிந்த இடத்துக்குப் போய் மீற்றர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். என்னோடு வேலை செய்யும் பொடியன்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.

கப்பாசிற்றரை வடிக்க ஸ்குரூ ட்ரைவரால் இரண்டு காலையும் தொடுவது ஒரு கெட்ட பழக்கம். 220 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் 325 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11.6 ஜூல் சேர்த்து வைத்திருக்கும். ஒரு கிலோ சீனிப் பையை நெஞ்சுயரத்திலிருந்து போட்டால் வரும் சக்தி அது. அதை ஒரு நொடியில் ஒரு புள்ளியில் கொட்டினால் ஈயமும் பறக்கும், கப்பாசிற்றரும் கெடும். 2.2 கிலோ ஓம், 10 வொட்ஸ் வயர்வவுண்ட் ரெசிஸ்ரர் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் நல்ல உறையுள்ள வயரும் கிளிப்பும் பிடித்து, ரெசிஸ்ரரையும் உறையால் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி பிடித்தால் போதும். அதன் பிறகும் அளவுங்கள். சில நிமிடம் கழித்துப் பெரிய கப்பாசிற்றர் தானாகவே கொஞ்சம் வோல்ட்டை மீட்டெடுக்கும், அதனால் நீண்ட வேலையென்றால் கிளிப்பை அப்படியே மாட்டி விடுங்கள். கரண்ட் போடுவதற்கு முன் எடுக்க மறக்கக் கூடாது, நான் ஒரு ரெசிஸ்ரரை அப்படி எரித்திருக்கிறேன்.

கரண்ட் போட்டுப் பார்க்கும்போது காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றி வையுங்கள், முந்தானையோ ஷோலோ தொங்கக் கூடாது. கறுப்பு வயரைக் கிளிப்பால் பெட்டியின் நிலத்தில் மாட்டிவிட்டு, வலது கையால் மட்டும் சிவப்பு முனையை வையுங்கள். இடது கை முதுகுக்குப் பின்னால். முதலில் தாழ்ந்த வோல்ட் சப்ளைகளை மட்டும் பாருங்கள், எத்தனை வோல்ட் என்று போர்டிலேயே பெரும்பாலும் அச்சடித்திருக்கும். ஒன்று குறைந்திருந்தால், அல்லது அதன் மேல் 100 ஹேட்ஸ் அலை ஏறியிருந்தால், காய்ந்துபோன வடிகட்டிக் கப்பாசிற்றர்தான் முதல் சந்தேகம். இந்த வயதுப் பெட்டிகளில் பாதி நோய் அங்கேதான். தாழ்ந்த வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பென்றால், அங்கே நிறுத்திவிட்டு உங்கள் விரிவுரையாளரைக் கூப்பிடுங்கள்.

திருக்கோவில், மின்னிணைப்பு வேலை செய்பவர்: *மோட்டார் பம்பின் கரண்டை அளந்துவிட்டு, அதே மீற்றரைக் கொண்டுபோய்ப் பிளக் பேஸில் வோல்ட் பார்க்க வைத்தேன். பெரிய சத்தம். மீற்றர் முனை கருகிவிட்டது. மீற்றர் புதியது, மலிவானது. அதில் 600 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே?*

குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினீர்கள், சிவப்பு வயரை 10 அம்பியர் துளையிலேயே விட்டுவிட்டீர்கள். குமிழ் எங்கே நின்றாலும் அந்தத் துளைக்குள் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள கம்பிதான் இருக்கிறது. பிளக் பேஸில் ஆணி வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

மீற்றரின் முகத்தில் 10 அம்பியர் துளைக்குப் பக்கத்தில் 'அன்பியூஸ்ட்' என்று ஆங்கிலத்தில் சின்னதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். மலிவு மீற்றர்களில் பெரும்பாலும் இருக்கும். அந்தத் துளைக்குப் பியூஸே இல்லை என்று அர்த்தம். 600 வோல்ட் என்ற எண் வோல்ட் துளைக்கு. உங்கள் மீற்றர் பிழைத்தால் அதை 12 வோல்ட் பற்றரி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு லைனுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வீட்டு லைனில் வேலை செய்யும் ஒருவருக்குக் குறைந்தது கற் 3 (CAT III என்ற பாதுகாப்பு வகுப்பு), 600 வோல்ட் தரம் உண்மையாகவே சோதிக்கப்பட்ட மீற்றர் வேண்டும். நல்ல மீற்றரின் பியூஸ் கண்ணாடியில் இருக்காது. பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பியிருக்கும், 1000 வோல்ட் என்று எழுதியிருக்கும். பெரிய கரண்ட் வந்தால் கண்ணாடி பியூஸுக்குள் கம்பி ஆவியாகி, நெருப்பாகிக் கரண்டைத் தொடர்ந்து கொண்டுபோகும். மணல் அந்த நெருப்பை விழுங்கிவிடும். விலை கூடிய மீற்றரில் பியூஸ் போனால் நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? விலையைக் கேட்டுவிட்டு சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுகிறார்கள். அப்போது இரண்டு மீற்றரும் ஒன்றுதான்.

பம்பின் கரண்டுக்கு இனி கிளாம்ப் மீற்றர் வாங்குங்கள், வயரை வெட்டவும் தேவையில்லை, துளை மாறவும் தேவையில்லை. பழைய மீற்றரின் 10 அம்பியர் துளைக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.

சம்மாந்துறை, ஆலைக்காரர்: *நெல்லின் ஈரப்பதன் பார்க்கும் மீற்றர் காலையில் ஒரு கணக்கும் மத்தியானத்தில் இன்னொரு கணக்கும் காட்டுகிறது. விவசாயிகளோடு சண்டை. மீற்றர் பழுதா?*

பழுதாக இருக்கலாம், ஆனால் முதலில் நெல்லைச் சந்தேகியுங்கள். இந்த மீற்றர் ஈரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. நெல்லில் மின் குணம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகிறது. நெல்லின் சூடு மாறினால் கணக்கும் மாறும். களத்தில் வெயிலில் கிடந்த நெல்லை உடனே எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் சரியான எண் வராது. நிழலில் ஆறவிட்டு, மூடிய பையில் வைத்து, மீற்றரும் நெல்லும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளவுங்கள். கிண்ணத்தை ஒரே அளவு நிரப்புங்கள், குலுக்கி அமுக்காதீர்கள். ஒரு மூட்டைக்கு மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். கிண்ணத்தின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், தூசியும் உமியும் ஒட்டியிருந்தாலே எண் மாறிவிடும். பற்றரியை மாற்றிப் பார்த்தீர்களா?

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகமென்றால், அதே நெல்லில் கொஞ்சத்தை நிறுத்து, ஓவன் அடுப்பில் முழுக்கக் காயவைத்து மறுபடி நிறுப்பதுதான் நீதிமன்றம். போன நிறையை முதல் நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரப்பதன். நெல் வாங்குவதற்கு நெல் சந்தைப்படுத்தல் சபை வைக்கும் 14 சதவீத எல்லையும் அந்தக் கணக்குத்தான். வருடம் ஒருமுறை மீற்றரைச் சரிபார்த்துச் சான்று எடுப்பதற்கு, அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஹோமாகமவில் இருக்கிறது, தூரம்தான். சான்று ஒட்டிய மீற்றரை விவசாயியின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து அளவுங்கள், பாதிச் சண்டை அங்கேயே குறையும்.

ஏறாவூர்: *பழைய சிக்னல் ஜெனரேற்றரைப் போட்டுப் பத்து நிமிடத்தில் 'புஸ்' என்று புகை, மீன் கருகியது போல் நாற்றம். ஆனால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பாவிக்கலாமா?*

பாவிக்க வேண்டாம். பிளக் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மஞ்சளாகத் தெரியும் பிளாஸ்திக் மூடிய காகிதக் கப்பாசிற்றர் இருக்கும், அது வெடித்திருக்கிறது. வயதானால் அதன் மூடியில் மயிரளவு வெடிப்பு விழும், நம்ம ஊர் ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் புகையும். கருவி வேலை செய்வது ஏனென்றால் அது லைனில் வரும் மின் இரைச்சலை வடிகட்டும் உறுப்பு மட்டும்தான்.

மாற்றும்போது ஒரு தவறு செய்யாதீர்கள். கடையில் '400 வோல்ட்' என்று வரும் சாதாரணக் கப்பாசிற்றரைப் போடக் கூடாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே எக்ஸ்2 என்று முத்திரையுள்ளது, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல். லைனிலிருந்து எர்த்துக்குப் போவது வை வகை. வை வகை உள்ளே ஷோர்ட் ஆகாத விதமாகச் செய்யப்படுகிறது, ஏனென்றால் அது ஷோர்ட் ஆனால் பெட்டியே லைனாகிவிடும். கழற்றிய பலகையிலிருந்து எடுத்துப் போட்டு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கல்முனை: *மீற்றருக்குள் பற்றரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கிறது.*

அல்கலைன் பற்றரியென்றால் கசிந்தது காரம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடையுங்கள். சாதாரண மலிவுப் பற்றரி என்றால் அது அமிலம், அப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடையுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல். மருந்துக் கடை சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு எண்ணெய்ப் பொருளும் இருக்கும், போர்டுக்கு நல்லதில்லை. துரு எடுக்கும் ஸ்பிரே டின்னைக் குமிழின் பற்களுக்குள் அடிக்காதீர்கள், எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைச் சேர்க்கும். மாரி முடியும் வரை பாவிக்காத மீற்றரிலிருந்து பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

களுவாஞ்சிக்குடி, ஒரு தாய்: *மகன் வீட்டு அறையில் இரவிரவாக ரேடியோவும் மீற்றரும் திருத்துகிறான். சொன்னால் கேட்க மாட்டான். எனக்கு மின்சாரம் தெரியாது. நான் என்ன செய்வது?*

அம்மா, அவரை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நிறுத்த மாட்டார். இரண்டு காரியம் கேளுங்கள். முதலாவது, அவருடைய மேசைக்கு மட்டும் தனியாக ஒரு சிவப்பு சுவிட்ச், அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில், உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் போடச் சொல்லுங்கள். அதை அணைப்பதற்கு உங்களுக்கு மின்சாரம் தெரியத் தேவையில்லை. இரண்டாவது, திறந்த கருவிக்குக் கரண்ட் கொடுக்கும் வேலையை வீட்டில் யாராவது விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் செய்வதாகச் சத்தியம் வாங்குங்கள். ஈயம் பிடிப்பதை எந்த நேரமும் செய்யட்டும், யன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

அவர் விழுந்து கிடந்தால், ஓடிப்போய்த் தொடக் கூடாது. முதலில் சிவப்பு சுவிட்ச். அது இல்லாவிட்டால் மெயின் சுவிட்ச். அதற்குப் பிறகுதான் கிட்டப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அழுத்தமாக, அம்புலன்ஸ் வரும் வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பக்கத்து வீட்டாருக்கும் பழக்கி வைத்தால் நல்லது, கை களைத்துவிடும்.

அவரை வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் வேலை செய்ய விடாதீர்கள். செருப்பும், காலுக்குக் கீழே இறப்பர் விரிப்பும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை நீங்களே அமுக்கிப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மகனுக்குச் சொல்லாதீர்கள், மின்னிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். மகன் 'நான் பார்க்கிறேன்' என்பார்.

வாழைச்சேனை: *என் ஸ்கோப்பைக் கல்லடிக்குக் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா?*

பார்ப்பேன், சனிக்கிழமை பகல். படக் குழாய் உள்ள பெட்டியை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வராதீர்கள், பஸ்ஸில் துணி சுற்றி, திரை மேலே பார்க்க வைத்து வாருங்கள். பிளக் வயரையும் புரோப்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். போன மாதம் மூன்று பேர் ஸ்கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றும் என் வயரில் நன்றாக வேலை செய்தன.